43க்கு எட்டு

பாறையும் சேறும் கிடக்கிற ஏற்றத்தில் ஒரு பழைய ஜீப் உறுமாமல், கிளட்ச் வாடை அடிக்காமல், நடந்து போகிற ஆளுக்கும் பின்னால் தன் பாட்டுக்கு ஏறிப் போகும் அழகு இருக்கிறதே, அதைவிட எனக்குப் பிடித்த காட்சி இன்றைக்கு எதுவும் இல்லை. என் சிஜே-3பி இப்போது அப்படித்தான் ஏறுகிறது. லோ கியர், அதில் ஒன்றாம் கியர், ஆக்சிலேட்டரிலிருந்து கால் வெளியே. என்ஜின் ஐட்லிங்கில் நிதானமாகச் சுற்ற, வண்டி மணிக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சத்தில் பாறை மேல் ஒவ்வொரு சக்கரமாக எடுத்து வைக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் காலைப் பார்க்கிறார்கள். நான் காலைத் தூக்கியே காட்டுகிறேன்!

இதற்காக என்ஜினுக்குள் எதையும் தொடவில்லை. கூடுதலாக ஒரு குதிரைத்திறன்கூட ஏற்றவில்லை. டயரை அதன் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன்; முன்னும் பின்னும் கிரவுன்-பினியனை மாற்றினேன். அவ்வளவுதான். பழைய வண்டி வைத்திருக்கிற எல்லோரிடமும் தோளைப் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது: என்ஜினைக் குறை சொல்லாதீர்கள், அது இன்னும் நல்ல என்ஜின்தான், அதற்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் கணக்கைச் சரி பாருங்கள்.

முதலில் அந்த என்ஜினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிஜே-3பியை அமெரிக்காவில் வில்லிஸ் 1953 முதல் 1968 வரை தயாரித்தது. இங்கே மஹிந்திரா அதன் உரிமம் பெற்று, அங்கே நின்ற பிறகும் நெடுங்காலம் தயாரித்துக்கொண்டே இருந்தது. அந்த உயர்ந்த பானெட்டை வைத்தே தூரத்திலிருந்து அடையாளம் சொல்லிவிடலாம். உள்ளே இருக்கும் ஹரிக்கேன் என்ஜின் முந்தைய ஜீப் என்ஜினைவிட உயரம் அதிகம்; இன்டேக் வால்வு தலைக்கு ஏறிவிட்டது, எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே தங்கிவிட்டது. அதற்கு இடம் விடத்தான் பானெட் தூக்கியது. 2199 சிசி. சிலிண்டரின் விட்டம் 79 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 111 மில்லிமீட்டர். இந்த நீளமான ஸ்ட்ரோக்தான் இதன் குணத்துக்கெல்லாம் காரணம். குதிரைத்திறன் என்று பார்த்தால் 70 சொச்சம், இன்றைய சின்னக் கார்களுக்கு முன்னால் நிற்காது. ஆனால் முறுக்குவிசை 155 நியூட்டன் மீட்டர், அதுவும் 2000 ஆர்பிஎம்மிலேயே! டிரைவர்கள் இழுவை என்று சொல்வது இதைத்தான். விரட்ட வேண்டாம், கத்த விட வேண்டாம், கீழேயே வைத்திருக்கிறது.

இந்த என்ஜினுக்கென்றே வில்லிஸ் ஒரு கியர் சங்கிலியைக் கோத்து வைத்திருந்தது. கியர் பாக்ஸில் ஒன்றாம் கியர் 2.798. டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ போட்டால் 2.46. ஆக்சிலில் கிரவுன்-பினியன் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. என்ஜின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். என்ஜின் தரும் இழுவை 37 மடங்காகிச் சக்கரத்துக்குப் போகும். அந்தச் சக்கரத்தில் 6.00-16 டயர், குறுக்களவு ஏறக்குறைய இருபத்தெட்டரை அங்குலம். இந்த நான்கையும் சேர்த்தால்தான் ஜீப். இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே விட்டால் அது வேறு வண்டி.

என் கைக்கு வந்தபோது இது வேறு வண்டியாகத்தான் இருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஹைவேயில் வேகமாகப் போக வேண்டும் என்று 4.27 கிரவுன் போட்டிருந்தார். பார்க்க மிடுக்காக இருக்க வேண்டும் என்று 31 அங்குல டயரும் மாட்டியிருந்தார். மிடுக்காகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் டயரும் ஒரு கியர்தான் என்பதை இந்த ஊரில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இருபத்தெட்டரையிலிருந்து 31க்குப் போனால் குறுக்களவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது, அந்த அளவுக்குக் கியர் பலமும் கரைகிறது. 4.27ஐ வைத்துப் பெருக்கினால் 37 என்பது 29 ஆகிறது. பெரிய டயர் தின்றதையும் கழித்தால் 27தான் மிச்சம். என்ஜின் அதே என்ஜின், அதே 155. சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போய்விட்டது.

‘அதனால் என்ன, 27 மடங்கும் ஏறத்தானே செய்யும்’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. காகிதத்தில் ஏறும். மூன்று அடிக்கு ஒரு அடி எழும்புகிற ஏற்றத்தைக்கூட 27 மடங்கில் ஏறிவிடலாம் என்றுதான் கணக்கு வரும். ஆனால் அந்தக் கணக்கு என்ஜின் 2000 ஆர்பிஎம்மில் நின்று முழு இழுவையையும் தரும் என்று எடுத்துக்கொண்டு போட்டது. 27 மடங்கில் 2000 ஆர்பிஎம் என்றால் வண்டி மணிக்குப் பத்து கிலோமீட்டரைத் தொட்டிருக்கும். முட்டளவு பாறைகள் மேல் பத்து கிலோமீட்டரில் போனால் ஸ்பிரிங் தகடு முறியும், உள்ளே இருப்பவர்கள் தலை கூரையில் இடிக்கும். சரி, மெதுவாகப் போகலாம் என்று நாலு கிலோமீட்டருக்கு இறக்கினால் என்ஜின் 800 சுற்றில் திணறும், ஒரு கல் தடுத்தால் ஆஃப் ஆகிவிடும். ஆஃப் ஆகாமல் காப்பாற்ற ஹாஃப் கிளட்ச். ஹாஃப் கிளட்ச் போட்டால் வாடை. வாடை வந்தால் சீக்கிரமே பட்டறை. என்ஜின் இழுவை தருகிற சுற்றும், பாதை அனுமதிக்கிற வேகமும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். சந்திக்க வைப்பதுதான் கியரின் வேலை. 37 மடங்கில் அதே நாலு கிலோமீட்டரில் போகும்போது என்ஜின் 1100க்கும் மேலே தெம்பாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கல் தடுத்தாலும் சட்டை செய்யாமல் ஏறும்.

மலையில் இன்னொன்றும் உண்டு. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத பழைய என்ஜின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். 2100 மீட்டர் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். என் 155, 122 ஆகிவிடும். அங்கே போய்க் கியரிலும் கோட்டை விட்டால் வண்டி எப்படி ஏறும்?

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில், ஜீப் பாதையோ கேரளத்துப் பக்கமிருந்துதான். விடிவதற்கு முன் பழைய மஹிந்திராக்கள் வரிசையாகக் கிளம்பும். பயணிகளெல்லாம் சூரிய உதயத்துக்காகப் போகிறார்கள். நான் டிரைவரின் காலைப் பார்க்கத்தான் போனேன், சத்தியமாக! இறங்கும்போது அவர் பிரேக்கை மிதிப்பதே அபூர்வம். லோ கியரில் போட்டுவிட்டு ஸ்டீரிங்கை மட்டும் பார்த்துக்கொள்கிறார். என்ஜினே வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்குகிறது. மேலே போய் இறங்கியதும் குனிந்து டயரைப் பார்த்தேன். பந்தாவாக ஒன்றும் இல்லை, கம்பெனி அளவுதான். நாள் தவறாமல் அந்தப் பாதையில் வயிற்றுப் பிழைப்புக்கு ஓட்டுகிறவர் பெரிய டயர் போடவில்லை என்றால் அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

உங்கள் வண்டியில் என்ன கிரவுன் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது மிகச் சுலபம், ஒரு சாக்பீஸ் போதும். நியூட்ரலில் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். பழைய ஜீப்பில் அது டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டையே பிடித்துக்கொண்டிருக்கும். டயரில் ஒரு கோடு, புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். மறு சக்கரம் தரையில் இருப்பதால் இரண்டு சுற்றுதான் ஒரு கிரவுன் சுற்றுக்குச் சமம். ஷாஃப்ட் ஐந்து சுற்று போய், ஆறாவதில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டினால் அது 5.38. ஐந்துக்குச் சற்றே முன்னால் நின்றால் 4.88. நாலேகாலில் நின்றால் 4.27. மூன்றேமுக்காலை எட்டாமல் நின்றால் 3.73. நான் பட்டறையில் சாக்பீஸோடு படுத்திருந்தபோது பட்டறை அண்ணன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எண்ணினார். நாலேகாலில் நின்றது. “தம்பி, இந்த டயரு இந்தக் கிரவுனுக்குக் கனம். என்ஜின் பாவம், முக்குது” என்றார். என் கணக்கு நோட்டுப் பக்கம் முழுக்க ஒரே வரியில் அடங்கிவிட்டது.

5.38 கிரவுன் இரண்டு செட் கிடைப்பதற்கு அலைய வேண்டியிருந்தது. இரண்டு செட் என்பது முக்கியம். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு முன்னால் பழையதை விட்டுவிட்டால், ஃபோர் வீல் போட்ட நிமிடமே முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஆளுக்கொரு வேகத்தில் இழுத்து ஒன்றோடொன்று சண்டை போடும்; ஷாஃப்டோ கியரோ உடையும். டயரும் அப்படித்தான், நாலும் ஒரே அளவு, ஸ்டெப்னியும் அதே அளவு. பழைய பாகங்கள் விற்கிற கடையில் கடைசியில் கிடைத்த கிரவுனைத் துணியால் துடைத்தபோது அதன் முகத்தில் 43, 8 என்று பொறித்திருந்ததைப் பார்த்தேன். கிரவுனில் 43 பல், பினியனில் எட்டு. 43ஐ எட்டால் வகுத்தால் 5.38. அந்த எண்களை விரலால் தடவிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைக் கடைக்காரர் வியப்போடு பார்த்தார்.

பட்டறையில் அண்ணன் வேலை செய்த விதத்தைத் தனியாகவே எழுதலாம். கிரவுன்-பினியனைக் கழற்றி மாட்டுவது பெரிய காரியமில்லை; இரண்டும் எங்கே தொடுகின்றன என்று சரிசெய்வதுதான் வேலை. பல்லில் மெல்லிசாகப் பெயிண்ட் தடவி, கையால் சுற்றி, எங்கே பெயிண்ட் அழிந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். தடம் பல்லின் நுனிக்குப் போயிருந்தால் பிரித்துவிட்டு ஒரு ஷிம் வைப்பார். அடிக்குப் போயிருந்தால் மறுபடி பிரித்து ஒன்றை எடுப்பார். ஷிம் என்பது காகிதம் போன்ற தகடுதான். அந்த மெல்லிசு வித்தியாசத்தில்தான் ஆக்சில் காலமெல்லாம் ஊளையிடுமா, சத்தமில்லாமல் ஓடுமா என்பது முடிவாகிறது. அவர் அவசரப்படவே இல்லை. தடம் பல்லின் நடுவில் நெல்மணி போல நீளமாக விழுந்ததும்தான் நிமிர்ந்தார். “இப்பப் பூட்டலாம்” என்றார். புது ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் பதமாக ஓட்டி, சூடு ஆறவிட்டு, பிறகு அந்த ஆயிலையும் மாற்றினோம். இதுவரை ஆக்சிலிலிருந்து ஒரு முனகல் கேட்டதில்லை.

டயருக்கு வருகிறேன். 6.00-16, ராணுவ ஜீப்புகளில் வருமே, குறுக்குக் கட்டை போட்ட பட்டன், அதுதான். எந்தப் பக்கம் உருண்டாலும் ஒரே மாதிரி பிடிக்கும் பட்டன் அது. பார்க்க ஒல்லியாக இருக்கும். ஒல்லிதான் அதன் பெருமை! அகலமான டயர் சேற்றின் மேல் மிதக்கப் பார்க்கும். ஒல்லியான டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கி அடியில் கெட்டித் தரையைத் தேடிப் பிடிக்கும். நம் மலைப்பாதைகளில் சேறு ஆழமில்லை, அடியில் கல்தான். அதற்கு இதைவிடத் தோதான டயர் கிடையாது. பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டியில் ஸ்டீரிங் எவ்வளவு இலேசாகிவிட்டது என்பதைக் கொண்டை ஊசி வளைவில் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். முன்பு முழுசாக ஒடித்தால் டயர் ஸ்பிரிங்கில் உரசும்; அதுவும் நின்றுபோயிற்று. பிரேக்கும் தேறியிருக்கிறது. ஒன்பது அங்குல டிரம் பிரேக், அது இருபத்தெட்டரை அங்குல டயரை நிறுத்துவதற்காகச் செய்தது. டயர் பெரிசானால் நெம்புகோலின் கை நீள்கிறது, பிரேக்கின் பிடி அந்த அளவுக்குத் தளர்கிறது. ஸ்பீடாமீட்டரும் இப்போது உண்மை சொல்கிறது.

ரேடியல்தான் வேண்டும் என்பவர்களுக்கு 235/75 ஆர் 15 இருக்கிறது. 235 மில்லிமீட்டர் அகலம், அதில் 75 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், நடுவில் 15 அங்குல டிஸ்க். கூட்டினால் 29 அங்குலத்துக்குக் கொஞ்சம் கீழே வரும், ஆகவே 5.38 கணக்கு கெடாது. அகலம்தான் அதிகம். தார் ரோட்டில் அதிகம் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல தேர்வு. எனக்கு ஒல்லி டயர்தான்.

மாற்றி முடித்ததும் போடிக்கு மேலே நண்பரின் ஏலத்தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். தோட்டப் பாதையில் ஓடை குறுக்கிடும் இடத்தில், தண்ணீரைத் தாண்டியதும் உடனே ஒரு வழுக்குப் பாறை ஏற்றம். அந்த இடத்தை ஓடிவந்து வேகத்தில்தான் ஏற வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் ஓடைக்கு நடுவில் வண்டியை முழுசாக நிறுத்தினேன். லோவில் ஒன்று போட்டு, கிளட்சை முழுசாக விட்டேன். முன்சக்கரம் பாறையில் முட்டியது. என்ஜின் சத்தம் ஒரு ஸ்வரம் இறங்கி, உடனே பழையபடி எழுந்தது. வண்டியின் மூக்கு உயர்ந்தது, பின்சக்கரம் தொட்டது, மேலே வந்துவிட்டோம். ஒரு சொட்டுச் சேறு தெறிக்கவில்லை, ஒரு கல் உருளவில்லை. தோட்டத்து ஆட்கள் கைதட்டினார்கள். நான் இறங்கி பானெட்டைத் தட்டிக்கொடுத்தேன். அந்த என்ஜின் பிறக்கும்போதே இதைச் செய்யத் தெரிந்துதான் பிறந்திருக்கிறது!

ஜிப்ஸிக்காரர்கள் என்னிடம், ‘எங்கள் வண்டிக்கும் இதே கணக்கா’ என்று கேட்கிறார்கள். கணக்கு ஒன்றுதான், விடை வேறு. ஜிப்ஸியின் 1298 சிசி என்ஜினில் விட்டம் 74, ஸ்ட்ரோக் 75.5. ஓடி ஓடிப் பலம் சேர்க்கிற என்ஜின் அது. எம்பிஎஃப்ஐ ஜிப்ஸியின் 103 நியூட்டன் மீட்டரும் வருவது 4500 ஆர்பிஎம்மில். கீழ்ச் சுற்றில் அதனிடம் கையிருப்பு குறைவு, அதனால் டயரில் கூட்டுகிற ஒவ்வொரு அங்குலமும் ஜீப்பைவிட அதற்கு அதிகமாக வலிக்கும். ஆனால் ஜிப்ஸி குடும்பத்துக்கு ஒரு வரம் உண்டு: அதன் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸிலிருந்து தனியாகத் தொங்குகிறது, அதற்குள் மட்டும் கியரை மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவில் சாமுராய் என்ற பெயரில் விற்ற அதன் உடன்பிறப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் கியர் 3.652, லோ 2.268, ஆக்சில் 3.727, பெருக்கினால் 31க்கு ஒரு நூல் குறைவு. லோ-வில் 4.16 செட் போட்டால் 56ஐத் தாண்டுகிறது. 6.5 செட் போட்டால் 88! அதை வைத்துக்கொண்டுதான் 1.3 லிட்டர் என்ஜினில் பெரிய பெரிய டயர் மாட்டிப் பாறைச் சுவர்களை அங்கே ஏறுகிறார்கள். பெரிய டயர் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாறை இடுக்கில் வண்டியின் வயிறு இடிக்கிறது என்றால் உயரம் தேவைதான். டயருக்குப் போகிற பணத்தோடு கியருக்கும் பணம் எடுத்து வையுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். சுலபமான விதி ஒன்று: புதுக் குறுக்களவைப் பழையதால் வகுத்து, வருவதைக் கிரவுன் எண்ணால் பெருக்குங்கள். அதுதான் உங்களுக்குத் தேவையான புதுக் கிரவுன். 4.88இல் இருபத்தெட்டரை டயரோடு ஓடிய வண்டிக்கு 31 போட வேண்டுமா? விடை 5.31. கையில் கிடைக்கிற 5.38 அதற்குக் கச்சிதம்.

ஹைவேயில் என்ன விலை கொடுக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு என்ஜின் 2450 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. அது அதற்கு இதமான இடம், நாளெல்லாம் ஓடும். 80க்குப் போனால் 3250ஐத் தாண்டுகிறது; அந்த நீள ஸ்ட்ரோக்குக்கு அவ்வளவு வேகம் ஆகாது, நானும் கேட்பதில்லை. வேகமும் வேண்டும் என்பவர்களுக்கு வழி இல்லாமலில்லை. வில்லிஸ் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கமாகச் சொருகுகிற ஓவர்டிரைவை வார்ன் நிறுவனம் அந்தக் காலத்திலேயே விற்றது. அது என்ஜின் சுற்றில் கால் பங்கைக் குறைத்துவிடும். எனக்கு 60 போதும். தேனியிலிருந்து போடிக்குப் போகிற ரோட்டில் எல்லோரும் என்னை முந்திப் போகட்டும், ஓடையிலிருந்து மேலே ஏறும் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் தோட்டத்து நண்பர் தன் எம்எம்540ஐப் பட்டறைக்கே கொண்டுவந்துவிட்டார். பெஜோ டீசல், எக்ஸ்டிபி 4.90. நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் விட்டம், அதுதான் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 2112 சிசி. இழுவை 2000 ஆர்பிஎம்மில் 121 நியூட்டன் மீட்டர். என் பெட்ரோல் என்ஜினைவிடக் குறைவு, அதே சுற்றில். அவர் 31 அங்குல டயருக்கு விலை விசாரித்துவிட்டு வந்திருந்தார். நான் சாக்பீஸை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். சக்கரத்தை அவரே சுற்றினார், அண்ணன் எண்ணினார். ஐந்துக்குச் சற்று முன்னால் நின்றது, 4.88. இருக்கிற டயரிலேயே இருந்துகொண்டு இரண்டு ஆக்சிலுக்கும் 5.38 போடுவது என்று முடிவாகியிருக்கிறது. ஒரு செட் கிடைத்துவிட்டது, இன்னொன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.